தேத்தண்ணிக் கடையில் யார் உட்காரலாம்?

(சர்வதேச தேயிலை தினத்தையொட்டிக் கண்டிப் பகுதித் தோட்டமொன்றில் நடைபெற்ற தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மே மாதம் 21ஆம் திகதியைச் சர்வதேச தேயிலை தினம் என்று ஐக்கிய நாடுகள் சபை 2019இல் அறிவித்தது. அதற்கு முன்பே, 2005 தொடக்கம், தேயிலை விளையும் நாடுகளின் தொழிற்சங்கங்கள் டிசம்பர் 15ஆம் திகதியைத் தேயிலை தினமாகக் கொண்டாடி வந்தன. இந்த மாதிரி நாட்களில் தேயிலையின் பெருமையைப் பற்றிப் பேசுவது வழக்கம். நாம் இன்றைக்குத் தேயிலையைப் பற்றிப் பேசப் போவதில்லை. தேத்தண்ணிக் கடையைப் பற்றிப் பேசப் போகிறோம். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

முதலில் ஒரு கேள்வி. கண்டி டவுனிலோ, கலஹாவிலோ, தெல்தோட்டையிலோ ஒரு தேத்தண்ணிக் கடைக்குள்ளே போய், வாங்கில் உட்கார்ந்து, ஒரு பிளேன்டீ சொல்லிக் குடித்தவர்கள் கை தூக்குங்க பார்ப்போம். சரி. ஆம்பளைகள் அத்தனை பேரும் தூக்கிவிட்டீர்கள். இப்போது பெண்கள் பக்கம். தனியாகவோ, கூட்டாளிப் பெண்களோடோ போய் உட்கார்ந்து குடித்தவர்கள் எத்தனை பேர்? சிரிக்கிறீங்க. ஒருவர் கையையும் காணவில்லை. இந்தச் சிரிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இங்கேதான் திரும்பி வருவோம்.

நாம் வாய்க்கு வாய் சொல்லும் ‘தேத்தண்ணி’ என்ற சொல்லில் பாதி சீனச் சொல். சீனாவின் பூக்கியன் கரையோரத்தில் தேயிலைக்குத் ‘தே’ என்று பேர். கப்பல் வழியாக அந்தப் பேர் உலகம் பூராவும் போனது. சீனாவின் வேறு இடங்களில் அதற்குச் ‘சா’ என்று பேர். கேரளத்தார் சொல்லும் ‘சாயா’ அந்த வழியாக வந்தது. ஆகவே தேயிலைச் செடி மட்டுமல்ல, அதன் பேரும் நமக்குச் சீனாவிலிருந்து வந்ததுதான்.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் பேராதனைத் தோட்டத்துக்கு 1824இல் சீனாவிலிருந்து தேயிலைச் செடி கொண்டுவந்தார்கள். ஆனால் அப்போது இந்த மலைகளில் கோப்பிதான் ராஜா. 1869 முதல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்து, கோப்பிக் காலம் முடிவுக்கு வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முந்தியே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். தம்முடைய பங்களா விறாந்தையிலேயே கொழுந்தை மேசையில் போட்டுக் கையால் உருட்டித் தூள் செய்தார். அவர் கல்லறை கண்டி மஹையாவையில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். அந்தக் கொழுந்தை எடுத்துக் கொடுத்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பேரும் இல்லை.

சீனாவிலிருந்து செடி வந்தது, பேர் வந்தது. அந்த ஊரில் தேத்தண்ணியை எப்படி உட்கார்ந்து குடித்தார்கள் என்ற பழக்கம் மட்டும் நம்மிடம் வந்து சேரவில்லை. அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சீனாவில் லு யூ என்ற அறிஞர் தேயிலைக்கென்றே ஒரு நூல் எழுதி 1200 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏறத்தாழ 800 வருஷத்துக்கு முன் ஹாங்சோ என்ற தலைநகரத்தில் தேநீர்க் கடைகள் நிறைந்திருந்தன. கடைக்காரர் பேர்போன ஓவியர்களின் படங்களைச் சுவரில் மாட்டி, அந்தந்தப் பருவத்துப் பூக்களை வைத்து அலங்கரிப்பாராம். வேலை தேடுகிறவன், சரக்கு விற்கிறவன், பாட்டுப் பழகுகிறவன் எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள்.

செங்டூ என்று இன்னொரு நகரம். 1909 வாக்கில் அங்கே கணக்கெடுத்தபோது 454 தேநீர்க் கடைகள் இருந்தன. அநேகமாகத் தெருவுக்கு ஒரு கடை. அங்கே குடிப்பதற்கு மட்டும் போகவில்லை. கதை கேட்கப் போனார்கள், முடி வெட்டிக்கொள்ளப் போனார்கள், கூலி வேலை பிடிக்கப் போனார்கள். முக்கியமாக, வழக்குத் தீர்க்கப் போனார்கள். இரண்டு பேருக்குள் காசுப் பிரச்சினையோ எல்லைத் தகராறோ வந்தால் கோட்டுக்குப் போக மாட்டார்கள். இரண்டு தரப்பும் ஆட்களோடு தேநீர்க் கடைக்கு வரும். ஊரில் மதிப்புள்ள ஒருவர் நடுவில் இருப்பார். எல்லோர் முன்னாலும் பேச்சு நடக்கும். யார் பக்கம் பிழை என்று முடிவாகிறதோ, அவர்தான் அத்தனை பேர் குடித்த தேத்தண்ணிக்கும் காசு கொடுக்க வேண்டும். அதுதான் தண்டனை. காசு சின்னதுதான், ஆனால் ஊருக்கு முன்னால் கொடுக்க வேண்டும்.

இதைப் படித்தபோது நமக்குப் போன வருஷம் நடந்த ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. நாம் வேலை பார்க்கும் தோட்டமொன்றில் இரண்டு வீட்டுக்காரருக்குள் பீலித் தண்ணீரால் சண்டை. யார் முதலில் குடம் வைத்தது என்று தொடங்கிய பேச்சு, மண்டை உடைந்து, பொலிஸ் வரைக்கும் போய், இரண்டு வீட்டிலும் பல நாள் பேர் விழாமல் சம்பளம் போனதில் முடிந்தது. அவர்கள் உட்கார்ந்து பேசுவதற்கு ஓர் இடம் இருந்ததா என்று நாம் யோசித்துப் பார்த்தோம். இல்லை. லயத்து இஸ்தோப்பில் பேசினால் ஒரு பக்கத்தாரின் இடம். ஆபீஸில் பேசினால் துரை முன்னால் நிற்க வேண்டும். கோயிலில் பேசினால் யார் தர்மகர்த்தா என்று அடுத்த சண்டை. தவறணையில் பேசினால் என்ன ஆகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

சீனத்துக் கடை எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே சூதாட்டமும் நடந்தது. இன்னொன்றும் உண்டு. செங்டூவில் 20ஆம் நூற்றாண்டு தொடங்கும் வரைக்கும் மரியாதையுள்ள பெண் தேநீர்க் கடைக்குள் போகக் கூடாது என்பதுதான் வழக்கம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனார்கள். போனவர்களை ஊர் பழித்தது. 1937இல் யுத்தம் வந்த பிறகு பெண்கள் கடையில் பரிமாறும் வேலைக்கே வந்தார்கள். அதற்கும் ஏச்சுப் பேச்சு. பழித்தவர்கள் ஓய்ந்து போனார்கள், பெண்கள் உட்கார்ந்தார்கள்.

லாவோ ஷ என்ற சீன எழுத்தாளர் 1957இல் ‘தேநீர்க் கடை’ என்றே ஒரு நாடகம் எழுதினார். பெய்ஜிங் நகரத்துக் கடை ஒன்றின் கதை. 1898இல் தொடங்கி, மன்னராட்சி போய், படைத் தலைவர்கள் காலம் வந்து, இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு வரை மூன்று காட்சிகளாகப் போகிறது. கடைச் சுவரில் அரசாங்க விஷயம் பேசக் கூடாது என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். காலம் கெட்டுப்போகப் போக அந்த எழுத்து பெரிதாகிக்கொண்டே வரும். நம்ம ஊர் சலூனிலும் கடையிலும் ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்று எழுதியிருக்கிறதே, அதே மாதிரிதான். முதல் காட்சியில் வசதியானவர்கள் ஒரு பக்கம் குருவிக் கூண்டை வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறார்கள். அதே கடையில் ஒரு பக்கத்தில் பஞ்சத்தில் அடிபட்ட குடியானவன் ஒருவன் தன் 15 வயது மகளை விற்பதற்குத் தரகனோடு பேரம் பேசுகிறான். அந்தப் பிள்ளை அந்தக் கடைக்குள் காலடி வைத்தது தேத்தண்ணி குடிக்க அல்ல. கடை இருந்தால் மட்டும் போதாது, அங்கே யார் எப்படி வருகிறார்கள் என்பதுதான் முக்கியம் என்று நமக்கு அதைப் படித்தபோது தோன்றியது.

ஜப்பானில் இதை வேறு விதமாகச் செய்தார்கள். சென் நோ ரிக்யூ என்று ஒரு தேநீர் ஆசான், 1522இல் பிறந்தவர். அவர் கட்டியதாகச் சொல்லும் ஒரு தேநீர் அறை கியோத்தோ நகரத்துக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதன் அளவு இரண்டு பாய் விரிக்கும் இடம். நம் கணக்கில் ஆறடிக்கு ஆறடி. நம்ம பழைய லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். அதை விடச் சின்னது. வாசல் இரண்டரை அடி உயரம்தான். மண்டி போட்டுக் குனிந்துதான் உள்ளே போக முடியும். வாளை வெளியிலேயே வைத்துவிட வேண்டும். பெரிய படைத் தலைவனும் குனிய வேண்டும், வியாபாரியும் குனிய வேண்டும். உள்ளே போனால் ஒரே பாய், ஒரே கிண்ணம்.

நமக்குச் சின்ன அறையும் தாழ்ந்த வாசலும் வேறு வழியில்லாமல் வந்தவை. அவர் அதையே எல்லோரையும் சமமாக்குவதற்குக் கட்டினார். பெரிய மனிதர்களோடு பழகியும் அவருக்கு நல்ல முடிவு வரவில்லை. ஆட்சியில் இருந்த ஹிதெயோஷி 1591இல் அவரைத் தற்கொலை செய்துகொள்ளும்படி உத்தரவிட்டார். அந்த வாசல் மட்டும் இன்னும் இருக்கிறது.

சீனாவும் ஜப்பானும் தூரம் என்று சொல்வீர்கள். பக்கத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரட்டைக் குவளை முறை என்று ஒன்று இருந்தது. சாதி பார்த்து ஒரு கூட்டத்துக்குத் தனிக் குவளை, குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும். நம் முன்னோர்கள் பலர் அந்த மாதிரிக் கிராமங்களை விட்டுத்தான் மன்னார் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். நம் நாட்டிலேயே யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களைத் தேநீர்க் கடைக்குள் உட்கார விடவில்லை. அப்படித் தடுப்பது குற்றம் என்று 1957இல் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கதவு திறக்கவில்லை. 1966 தொடங்கிச் சங்கானை முதலிய ஊர்களில் மக்கள் போராடி, அடிபட்டு, உயிர்கூடக் கொடுத்துத்தான் கடைக்குள்ளே போய் உட்கார்ந்தார்கள். கே. டானியல் 1972இல் வெளியிட்ட ‘பஞ்சமர்’ நாவல் அந்த மக்களின் கதைதான். ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்காகவா இவ்வளவு என்று கேட்கலாம். தேத்தண்ணிக்காக இல்லை. மற்றவனோடு ஒரே வாங்கில் உட்காருவதற்காக.

நம் மலையகத்திலும் ஒரு காலம் இருந்தது. வெளியார் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடுவார்கள். கோ. நடேசய்யர் புடவை வியாபாரி மாதிரி வேஷம் போட்டுத்தான் லயத்துக்குள் வந்து சனத்தோடு பேசினார் என்று சொல்வார்கள். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுப் பாடியே சனத்தைக் கூட்டினார். நம் சனம் கூடிப் பேசுவதற்கு ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

இப்போது நம் வீட்டுக் கதை ஒன்று.

நமக்கு அப்போது பத்து வயது. அப்பா பிரஜாவுரிமைப் பத்திர விஷயமாகக் கண்டிக்குப் போனார். அம்மாவையும் நம்மையும் கூட்டிக்கொண்டு போனார். காலையிலிருந்து வரிசையில் நின்று, வேலை முடிய இரண்டு மணி ஆகிவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. அப்பா நம்மைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அம்மா வரவில்லை. வெளியில் கானோரமாக மூட்டையை வைத்துக்கொண்டு நின்றார். “வா புள்ள” என்று அப்பா ஒரு தடவை கூப்பிட்டார். “நீங்க குடிச்சிட்டு வாங்க, நான் நிக்கிறேன்” என்றார் அம்மா. அப்பா இன்னொரு தடவை கூப்பிடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பணிஸ் சாப்பிட்டு, பால் தேத்தண்ணி குடித்தோம். கடைசியில் அப்பா ஒரு கிளாஸைக் கொண்டுபோய் வெளியில் கொடுத்தார். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அவசரமாகக் குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார்.

யாரும் அம்மாவைத் தடுக்கவில்லை. கடைக்காரர் நல்ல மனுஷன். வாசலில் ஒரு எழுத்தும் இல்லை. ஆனாலும் அந்த வாசல் அம்மாவுக்கு இல்லை. அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தார். ஒரு நாளாவது தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்ததில்லை. இப்போது அவர் இல்லை. நாம் உத்தியோகம் பார்க்கத் தொடங்கிய பிறகாவது ஒரு தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். நமக்கும் அது தோன்றவில்லை. இதை ஒரு குறையாகவே ஒத்துக்கொள்கிறோம்.

நீங்கள் மலையில் என்ன செய்கிறீர்கள்? பத்து மணிக்குத் தேத்தண்ணி வரும். படங்கைக் கழற்றாமல், கூடையை இறக்கியும் இறக்காமலும், செடிக்குள் நின்றபடியே சாயத்தண்ணியைக் குடிக்கிறீர்கள். மழை என்றால் மழைக்குள்ளேயே. ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய ஸ்டோரைத் தேயிலை நூதனசாலையாக ஆக்கி 2001இல் திறந்தார்கள். மேல் மாடியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க இடம் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டார் அங்கே உட்கார்ந்து நம்ம மலையைப் பார்த்துக் குடிக்கிறார்கள். அது நல்லதுதான், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கொழுந்தை எடுக்கிறவர் உட்கார்ந்து குடிப்பதற்கும் ஓர் இடம் வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறோம். உங்கள் எல்லோருக்கும் தெரியும், கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் பழைய பிள்ளைக்காம்பரா சும்மா கிடக்கிறது. அதைத் தேத்தண்ணிக் கடையாக நடத்துவதற்கு மாதர் சங்கத்துக்குத் தருகிறோம் என்று நிர்வாகம் எழுத்தில் தந்திருக்கிறது. தண்ணீரும் மலசலகூடமும் ஏற்கெனவே இருக்கின்றன. இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது உர மூட்டை அடுக்கும் இடமாகிவிடும்.

முதலில் 14 பெண்கள் கையெழுத்து வைத்தார்கள். இரண்டு கிழமையில் 5 பேர் பேரை எடுத்துவிட்டார்கள். ஏன் என்று விசாரித்தோம். “கடையில பொம்பளைக்கு என்ன வேலை?” என்று வீட்டில் கேட்டார்களாம். ஒரு வீட்டில் புருஷன், ஒரு வீட்டில் மாமியார், ஒரு வீட்டில் படித்த மகன். கோபிக்க வேண்டாம், அந்த ஐயாமாருக்கும் தம்பிமாருக்கும் சில வார்த்தை.

பெண்கள் கடையில் உட்கார்ந்தால் வம்பு பேசுவார்கள் என்கிறீர்கள். பீலியடியில் பேசாத வம்பா? ஆம்பளைகள் டவுன் கடையில் உட்கார்ந்து திருக்குறளா பேசுகிறோம்? நாலு பேர் பார்க்கும் இடத்தில் பேசினால் பேச்சும் ஒழுங்காக இருக்கும். அடுத்தது, வீட்டு வேலை கெட்டுப்போகும் என்கிறீர்கள். கடைக்கு ஆளுக்கு ஆள் முறை வைத்து, கிழமையில் ஒரு நாள்தான் ஒருவருக்கு வரும். அந்த ஒரு நாள் நீங்கள் கேத்தலை அடுப்பில் வைத்தால் வீடு இடிந்துவிடாது. மூன்றாவது, காசு. சீனி, தூள், இஞ்சி, விறகு, வடைக்குப் பருப்பு என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். மாதாமாதம் நாமும் வந்து பார்ப்போம். கடன் கொப்பி வேண்டாம் என்பது நம் ஆலோசனை. கடனால்தான் நல்ல கடைகள் மூடிப்போகின்றன.

ஒழுங்கு மூன்று இருந்தால் போதும். ஒன்று, கசிப்போ சாராயமோ குடித்துவிட்டு வருகிறவருக்கு அன்றைக்கு இடமில்லை. சீட்டுக் கட்டும் உள்ளே வரக் கூடாது. இரண்டு, எல்லோருக்கும் ஒரே கிளாஸ், ஒரே வாங்கு. எந்த லயம், என்ன ஆள் என்று பார்க்கக் கூடாது. நம் சனத்துக்குள்ளும் அந்தப் பார்வை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, மறைத்துப் பயனில்லை. மூன்று, தகராறு உள்ளவர்கள் பொலிசுக்குப் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து உட்கார வேண்டும். பிழை யார் பக்கமோ அவர் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கட்டும். அடிதடியும் பெண்களுக்குக் கொடுமையும் இதில் சேராது. அவற்றுக்குப் பொலிசும் சட்டமும் இருக்கின்றன.

‘ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்’ என்பார்கள். இது தேர் இல்லை, ஒரு கேத்தல்தான். ஆனாலும் பேரை எடுத்துக்கொண்ட அந்த ஐந்து சகோதரிகளும் திரும்பி வராவிட்டால் முறை வைத்து நடத்த ஆள் போதாது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த ஐந்து வீட்டு ஆம்பளைகளும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தேத்தண்ணியை நீங்களே ஊற்றி, வீட்டுக்காரியை இஸ்தோப்பில் உட்காரச் சொல்லிக் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு, “உனக்கு விருப்பமா?” என்று கேளுங்கள். என்ன பதில் வருகிறதோ அதை நாம் ஏற்றுக்கொள்வோம்.

கையெழுத்துப் புத்தகம் இந்த மேசையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இங்கேயே இருக்கும்.

கடை திறந்தால், முதல் நாள் வாசல் பக்கத்து வாங்கில் அம்மாவை நினைத்துக்கொண்டு நாம் ஒரு பிளேன்டீ குடிப்போம். அதற்குக் காசு கொடுத்துத்தான் குடிப்போம்.